பப்புகளின் நகரில் குடிக்காத ஒருவன்!



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் தம்பி கேட்டபோது, "எதைப் பற்றி எழுதட்டும்?" என்றேன். "அண்ணே, நீங்க தனியா வெளிநாடு போனீங்களே, அதை எழுதுங்க. ஆனா சும்மா சுத்திப் பாத்த கதையா இருக்கக் கூடாது. பசங்களுக்கு ஏதாவது விஷயம் இருக்கணும்" என்றார். சரியான வேண்டுகோள்தான். ஆகவே, இது பாதி பயணம், பாதி பாடம்.

நானும் உங்களைப் போல இதே வளாகத்தில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவன். 2023 ஜூனில் என் கம்பெனி, மருந்துத் தொழிற்சாலை இயந்திரம் ஒன்றைப் பழுது பார்க்கும் பயிற்சிக்காக இரண்டு வாரம் அயர்லாந்தின் கார்க் நகருக்கு அனுப்பியது. பயிற்சி முடிந்ததும் மூன்று நாள் கையில் இருந்தது. கூட யாரும் இல்லை. ரயிலேறினால் இரண்டரை மணி நேரத்தில் தலைநகர் டப்ளின். கிளம்பிவிட்டேன்.

டப்ளின் என்றால் பப், பப் என்றால் டப்ளின் என்று உலகமே சொல்கிறது. நானோ குடிப்பதில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தாய்மாமா முதல் தரமான டர்னர். கண்ணால் பார்த்தே அளவு சொல்லுவார். நான் மெக்கானிக்கல் எடுத்ததே அவரைப் பார்த்துத்தான். அவர் 41 வயதில் குடியால் போய்ச் சேர்ந்தார். ஊருக்குக் கிளம்பும்போது அம்மா சொன்னது ஒரே ஒரு வார்த்தை: "எங்க வேணா போ, அந்தக் கருமத்தை மட்டும் தொட்டுடாதடா." அப்படிப்பட்டவன் பப்புகளின் நகரில் மூன்று நாள் என்ன செய்தான்? அதுதான் இக்கட்டுரை.

ஊர் எப்படி?

டப்ளின் என்ற பெயர் ஐரிஷ் மொழியில் "கறுப்புக் குளம்" என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. 841-ஆம் ஆண்டில் வைக்கிங் மக்கள் இங்கே குடியிருப்பு அமைத்தார்கள். நகரின் நடுவே லிஃபி ஆறு மேற்கிலிருந்து கிழக்காக ஓடிக் கடலில் சேருகிறது. வடகரை, தென்கரை என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் வழி தவறவே தவறாது.

ஆற்றின் குறுக்கே பல பாலங்கள். அதில் சிவில் மாணவர்கள் பார்க்க வேண்டியது ஹாஃபென்னி பாலம். 1816-இல் கட்டப்பட்ட வார்ப்பிரும்பு நடைபாலம். நீளம் சுமார் 43 மீட்டர். இதன் பாகங்கள் இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில் வார்க்கப்பட்டு இங்கே கொண்டுவந்து கோக்கப்பட்டன. 1919 வரை இதைக் கடக்க அரை பென்னி சுங்கம் கொடுக்க வேண்டும். பெயர் வந்ததும் அதனால்தான்.

பாலத்தைக் கடந்தால் டெம்பிள் பார். இது ஒரு கடையின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரு கடையும் உண்டு என்றாலும், உண்மையில் இது ஒரு பேட்டை. 1980-களில் அரசுப் போக்குவரத்து நிறுவனம் இங்கே பெரிய பஸ் நிலையம் கட்ட எண்ணிக் கட்டடங்களை வாங்கிப் போட்டது. இடிக்கும்வரை சும்மா கிடக்கட்டுமே என்று மலிவு வாடகைக்கு விட்டது. ஓவியர்களும் பாட்டுக்காரர்களும் வந்து குடியேறிவிட்டார்கள்! கடைசியில் பஸ் நிலையத் திட்டமே கைவிடப்பட்டு, 1991-இல் இப்பகுதியைக் கலைப் பேட்டையாக வளர்க்கத் தனி நிறுவனம் அமைத்தார்கள். இன்று அது சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் இடம். விலையும் அதற்கேற்றாற்போல எகிறிக் கிடக்கிறது.

பப் என்றால் என்ன?

"பப்ளிக் ஹவுஸ்" என்பதன் சுருக்கமே பப். அதாவது பொதுவீடு. நம் ஊரில் கடைக்காரர் கம்பிக்குப் பின்னாலிருந்து பாட்டிலை நீட்டுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இது முற்றிலும் வேறு. மதியச் சாப்பாடு கிடைக்கும். டீ, காபி கிடைக்கும். குடும்பத்தோடு வந்து சூப் குடித்துவிட்டுப் போகிறார்கள். பழைய நாளில் மளிகைக் கடையும் பப்பும் ஒரே கூரையின் கீழ் நடந்ததுண்டு.

பழைய பப்புகளில் "ஸ்னக்" என்று ஒரு சிறு அறை இருக்கும். மரத் தடுப்பு, கதவு, கவுண்டரைப் பார்த்து ஒரு சின்ன ஜன்னல். வெளியே தெரியாமல் உட்கார விரும்பிய பெண்கள், பாதிரியார்கள், போலீஸ்காரர்களுக்காக ஏற்பட்ட அறை அது.

ஊரின் மிகப் பழைய பப் என்று சொல்லிக்கொள்வது பிரேசன் ஹெட். பலகையில் 1198 என்று எழுதியிருக்கிறது. ஆனால் இப்போது நிற்கிற கட்டடம் 1754-ஐச் சேர்ந்தது. கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி 1833 முதல் நடக்கும் இன்னொரு பப்பை மக்கள் "வெட்டியான் கடை" என்ற பொருள்பட அழைக்கிறார்கள். அங்கே டி.வி. கிடையாது, பாட்டு கிடையாது. பேச்சு மட்டுமே!

ஜேம்ஸ் ஜாய்ஸ் 1922-இல் வெளியிட்ட "யுலிசிஸ்" நாவலின் நாயகன், எந்தப் பப்பையும் தாண்டாமல் டப்ளினைக் குறுக்கே கடக்க முடியுமா என்று யோசிப்பான். நல்ல புதிர் அல்லவா? 2011-இல் ஒரு மென்பொருள் நிபுணர், கணினி வரைபடத்தை வைத்து நிரல் எழுதி அப்படியொரு வழியைக் கண்டுபிடித்தார். கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் கவனிக்க! ஆனால் எதைப் பப் என்று எண்ணுவது, எதை ஓட்டல் என்று தள்ளுவது என்பதைப் பொறுத்தே விடை வரும். எந்தக் கணக்கிலும் முதலில் வரையறை சரியாக இருக்க வேண்டும் என்று நம் வாத்தியார்கள் சொல்வது இதைத்தான்.

நுரைக்குள்ளே ஒரு பாடம்

ரயில் ஹியூஸ்டன் நிலையத்தில் நின்றதுமே வறுத்த தானிய வாசனை மூக்கில் ஏறும். பக்கத்தில்தான் கின்னஸ் ஆலை. ஆர்தர் கின்னஸ் என்பவர் 1759-இல் இந்த இடத்தை ஆண்டுக்கு 45 பவுண்டு வீதம் 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தார். ஆம் நண்பர்களே, ஒன்பதாயிரம் ஆண்டுகள்! அச்சுப் பிழை இல்லை.

கறுப்பு நிறம் வறுத்த பார்லியால் வருகிறது. ஆனால் என்னை இழுத்தது நுரை. கண்ணாடித் தம்ளரில் ஊற்றியதும் குமிழிகள் மேலே போகாமல் கீழே இறங்குகின்றன! அடுத்த மேசைக்காரரின் தம்ளரை நான் அப்படி முறைத்துப் பார்த்ததில், "உனக்கும் ஒண்ணு வேணுமா?" என்று அவரே கேட்டுவிட்டார்.

விளக்கம் இதுதான். சோடாவில் இருப்பது கரியமில வாயு. அது தண்ணீரில் நன்றாகக் கரையும். இந்தப் பானத்தில் நைட்ரஜனையும் சேர்க்கிறார்கள். நைட்ரஜன் தண்ணீரில் கரைவது கரியமில வாயுவைவிடச் சுமார் 50 மடங்கு குறைவு. ஆகவே குமிழிகள் மிகச் சிறியவை, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு. அவை சட்டென்று பெருத்து உடைவதில்லை. அதனால்தான் பாலாடை போன்ற நுரை. இந்த முறையை 1959-இல் செயல்படுத்தியவர் மைக்கேல் ஆஷ். அவர் படித்தது கணிதம்!

சரி, ஏன் கீழே இறங்குகின்றன? தம்ளர் மேலே அகலம், கீழே குறுகல். குமிழிகள் நேராக மேலே ஏறும்போது, சரிந்த சுவரிலிருந்து விலகிவிடுகின்றன. சுவரோரம் குமிழி குறைந்த, எடை கூடிய திரவம் மிஞ்சுகிறது. அது கீழே வழிகிறது. நடுவிலோ குமிழி நிறைந்த இலேசான திரவம் மேலே போகிறது. ஆக, நடுவில் ஏற்றம், ஓரத்தில் இறக்கம் என்று ஒரு சுழற்சி உண்டாகிறது. ஓரத்திலுள்ள பொடிக் குமிழிகளுக்கு இந்த ஓட்டத்தை எதிர்க்கத் தெம்பில்லை, அடித்துக்கொண்டு போகப்படுகின்றன. நாம் வெளியிலிருந்து பார்ப்பது ஓரத்தை மட்டும்தானே! லிமெரிக் பல்கலைக்கழகக் கணித அறிஞர்கள் 2012-இல் இதை விளக்கிக் காட்டினார்கள். தம்ளரின் சரிவு தலைகீழாக இருந்தால் குமிழிகள் மேலே போகும் என்பதும் அவர்கள் முடிவு. நம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் படிக்கும் விஷயமே அது.

இதையே டின்னில் அடைக்க என்ன வழி? 1988-இல் "விட்ஜெட்" என்ற ஒரு சிறு பிளாஸ்டிக் கருவியை உள்ளே போட்டார்கள். அதில் ஊசித்துளை. அடைக்கும்போது அழுத்தத்தில் வாயு உள்ளே புகுந்துகொள்ளும். மூடியைத் திறந்ததும் வெளி அழுத்தம் சட்டென்று விழ, துளை வழியே வாயு பீய்ச்சி அடித்து நுரையைக் கிளப்பும். அழுத்த வேறுபாடு, அவ்வளவுதான் தத்துவம்.

"மாணவன்" எழுதிய கட்டுரை

குவாலிட்டி கன்ட்ரோல் படித்தவர்களுக்கு "ஸ்டூடண்ட்ஸ் டி" சோதனை தெரியும். யார் அந்த ஸ்டூடண்ட்? இந்த ஆலையில் 1899-இல் வேலைக்குச் சேர்ந்த வில்லியம் சீலி காசெட்தான். ஊழியர்கள் தம் பெயரில் ஆய்வு வெளியிட நிறுவனம் அனுமதிக்கவில்லை. எனவே 1908-இல் "மாணவன்" என்ற புனைபெயரில் எழுதினார்.

அவருடைய சிக்கல் நம் ஒர்க்‌ஷாப் சிக்கலேதான். ஆயிரம் ஷாஃப்ட் அளந்தால் பழைய சூத்திரம் போதும். ஐந்து ஷாஃப்டை மட்டும் மைக்ரோமீட்டரில் அளந்து, மொத்த லாட்டும் சரி என்று சொல்ல முடியுமா? சராசரியும் தெரியாது, சிதறலும் நிச்சயமில்லை. அப்போது 95 சதவீத உறுதிக்கு 1.96 என்ற வழக்கமான எண் போதாது, 2.776 எடுக்க வேண்டும் என்கிறது அவர் தந்த வழி. சான்று குறைவாக இருந்தால், முடிவைச் சொல்லும்போது அடக்கம் அதிகமாக இருக்க வேண்டும்! இன்று மருந்துச் சோதனை முதல் விவசாய ஆராய்ச்சி வரை இதைப் பயன்படுத்துகிறார்கள். சாராய ஆலையில் பிறந்தது சாராயத்தோடு நிற்கவில்லை.

பாலத்தில் செதுக்கிய சூத்திரம்

இரண்டாம் நாள் காலை "லுவாஸ்" டிராமில் ஏறினேன். லுவாஸ் என்றால் ஐரிஷ் மொழியில் வேகம். பச்சைத் தடத்தின் வடக்குக் கடைசி நிறுத்தம் புரூம்பிரிட்ஜ். அங்கே ராயல் கால்வாய் மேல் ஒரு சிறிய கல் பாலம். சுற்றுலாக் கூட்டமே இல்லை. வாத்துகளும் நானும்தான்.

1843 அக்டோபர் 16 அன்று வில்லியம் ரோவன் ஹாமில்டன் தம் மனைவியோடு இக்கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தார். முப்பரிமாணச் சுழற்சிக்கான கணிதம் பல ஆண்டுகளாகப் பிடிபடாமல் இருந்தது. நடக்கும்போது சட்டென்று விடை மின்னியது. மூன்று எண் போதாது, நான்கு வேண்டும்! அந்தச் சூத்திரத்தைக் கத்தியால் பாலத்தின் கல்லிலேயே கீறினார். கீறல் இன்று இல்லை. 1958-இல் வைத்த கல்வெட்டு இருக்கிறது. அந்த எண்களுக்குக் குவாட்டர்னியன் என்று பெயர். இன்று ரோபோவின் கை திரும்புவதற்கும், விண்கலம் திசை பிடிப்பதற்கும், கணினி விளையாட்டில் உருவம் சுழல்வதற்கும் இதுவே அடிப்படை. நாங்கள் பழுது பார்க்கிற இயந்திரத்தின் ரோபோ கையிலும் இது இருக்கிறது. அந்தக் கல்லைத் தொட்டபோது உடம்பு சிலிர்த்தது என்றால் மிகையாகாது.

இசை கேட்ட இரவு

இரண்டாம் நாள் மாலை ஸ்மித்ஃபீல்டு பகுதியில் காபிள்ஸ்டோன் என்ற பப்புக்குப் போனேன். வாசலில் ஐந்து நிமிடம் தயங்கி நின்றேன். தனி ஆள், புது ஊர், கையில் குடிக்காத கொள்கை. உள்ளே போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களோ? ஒருவரும் பார்க்கவில்லை! "ஒரு லைம் சோடா" என்றேன். பார்மேன் முகம் சுளிக்காமல் ஐஸ் போட்டு நீட்டினார்.

மேடை கிடையாது, மைக் கிடையாது. ஜன்னலோர மேசையைச் சுற்றிப் பத்துப் பேர். பிடில், புல்லாங்குழல், தகர விசில், கை இடுக்கில் துருத்தி வைத்து ஊதும் இல்லன் பைப், நம் கஞ்சிராவுக்கு அண்ணன் போன்ற போரான் என்ற தோல் கருவி. ஒருவர் ஆரம்பிக்க, தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். இதற்குத்தான் "செஷன்" என்று பெயர். 2021-இல் இங்கே ஒரு ஹோட்டல் கட்டும் திட்டம் வந்தபோது மக்கள் தெருவில் ஊர்வலம் போனார்கள். மாநகராட்சி அனுமதி மறுத்தது. ஒரு கடைக்காகவா ஊர்வலம் என்று தோன்றும். அந்த இசையைக் கேட்டவனுக்குத் தோன்றாது.

பக்கத்தில் எழுபது வயதைக் கடந்த ஒருவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம் தமிழில் சொல்கிறேன்.

"எந்த ஊருப்பா?"

"இந்தியா ஐயா. தமிழ்நாடு."

"சோடாதான் குடிக்கிறியா?"

"ஆமா ஐயா. நான் தொடறதில்லை."

அவர் தம் கோப்பையைச் சுட்டினார். டீ! "நான் பதினேழு வருஷமாத் தொடலை. அதுக்கு முன்னாடி தொட்டதுக்கே ரெண்டு ஆயுசுக்குக் காணும். ஆனா வாரா வாரம் இங்க வந்துடுவேன். குடியை விட்டேன், மனுஷங்களை விடலை."

அந்தக் கடைசி வாக்கியத்தை அன்றிரவு டைரியில் எழுதி வைத்தேன். என் மாமாவுக்கு அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்தால் கூட்டாளிகளோடு உட்கார்ந்து பேச அவருக்கு இருந்த ஒரே இடத்தில் குடி மட்டுமே இருந்தது. குடியை விட வேண்டும் என்றால் கூட்டாளிகளையும் விட வேண்டும். இரண்டு தடவை விட்டார். இரண்டு தடவையும் தனிமை தாங்காமல் திரும்பிப் போனார்.

மறுபக்கம்

டப்ளின் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. இரவு பதினொன்றுக்கு மேல் டெம்பிள் பார் தெருவில் தள்ளாடுகிறவர்களையும், நடைபாதையில் வாந்தி எடுப்பவர்களையும் நானே பார்த்தேன். குடியின் கேட்டை அந்நாட்டாரே நன்கறிவர். 1838-இல் தியோபால்ட் மேத்யூ என்ற பாதிரியார் பெரிய மதுவிலக்கு இயக்கம் நடத்தினார். பப்புகளின் நகரில், பிரதான வீதியான ஓ'கானல் தெருவிலேயே அவருக்குச் சிலை இருக்கிறது!

சட்டங்களும் கடுமை. 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. 2004 மார்ச் 29 முதல் பப் உட்பட எல்லா வேலையிடங்களிலும் புகைக்கத் தடை. நாடு முழுவதற்கும் இப்படிச் செய்த முதல் நாடு அயர்லாந்தே. வண்டி ஓட்டுவோருக்கு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் வரம்பு. புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கும் தொழில்முறை டிரைவர்களுக்கும் 20 மட்டுமே. நம் நாட்டில் எல்லோருக்கும் 30. 2022 ஜனவரி முதல் ஒரு கிராம் ஆல்கஹாலுக்குக் குறைந்தது 10 சென்ட் விலை என்று நிர்ணயித்திருக்கிறார்கள். ஒரு பைன்ட் 568 மில்லி, 4.2 சதவீதம், ஆல்கஹாலின் அடர்த்தி 0.789. பெருக்கிப் பாருங்கள், சுமார் 19 கிராம் வரும். இது ஒரு தம்ளருக்கு!

இதில் "ரவுண்டு" என்ற வழக்கத்தின் கணக்கையும் புரிந்துகொள்ளுங்கள். நான்கு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்க வேண்டும். ஆக, ஒரு தம்ளர் மட்டும் வேண்டும் என்று வந்தவனும் நான்கு தம்ளர் குடித்தாக வேண்டும். அன்பே அளவை ஏற்றிவிடுகிறது. நம் ஹாஸ்டலில் "நீயெல்லாம் ஒரு ஃபிரண்டாடா, ஒரு கிளாஸ்கூட அடிக்க மாட்டியா?" என்று கேட்பதும் இதே கணக்குத்தான். அங்கே இதற்கு வழி உண்டு. உட்காரும்போதே "நான் ரவுண்டில் இல்லை" என்று சொல்லிவிட்டால் மரியாதையாக விட்டுவிடுகிறார்கள். மூன்று நாளில் நான் நான்கு தடவை சொன்னேன். ஒருவரும் என்னை ஆம்பளையா என்று கேட்கவில்லை.

தனியாகப் போகிறவர்களுக்கு

நாளை உங்களுக்கும் இப்படி ஒரு வாய்ப்பு வரலாம். டிப்ளமா படித்தவனைக் கம்பெனிகள் வெளிநாட்டுக்கு அனுப்புவது இன்று அதிசயமில்லை. ஆகவே சில குறிப்புகள்:

1. அயர்லாந்து ஷெங்கன் கூட்டத்தில் இல்லை. ஐரோப்பாவுக்கு எடுத்த ஷெங்கன் விசாவை வைத்து நுழைய முடியாது. நாணயம் யூரோதான்.

2. மின்சாரம் 230 வோல்ட். ஆனால் பிளக் பட்டைக் கால் கொண்ட பிரிட்டிஷ் வகை. நம் உருண்டைக் கால் நுழையாது. அடாப்டர் அவசியம்.

3. வண்டிகள் நம் ஊர் போலவே இடப்பக்கம். விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயில் இல்லை, பஸ்தான். "லீப்" என்ற கார்டு ஒன்றை வாங்கிக்கொண்டால் பஸ், டிராம், உள்ளூர் ரயில் மூன்றுக்கும் போதும்.

4. தேசிய அருங்காட்சியகம், தேசிய ஓவியக்கூடம், செஸ்டர் பீட்டி நூலகம் ஆகியவற்றில் நுழைவு இலவசம். மழை வந்தால் ஒதுங்க இதைவிட நல்ல இடம் கிடையாது. மழை வரும்!

5. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். வெளிச்சத்தை நம்பி நேரத்தை மறந்துவிட வேண்டாம். திரும்பும் வண்டியின் நேரத்தைப் பார்த்து வையுங்கள்.

6. பப்பில் தனி ஆளுக்கு ஏற்ற இடம் மேசை அல்ல, கவுண்டர் ஓரம். அங்கே நின்றால் யாராவது தானாகப் பேச்சுக் கொடுப்பார்கள். இசை நடக்கும்போது சத்தம் போட்டுப் பேசுவது மட்டும் மரியாதைக் குறைவு.

முடிவாக ஒன்று. நம் கல்லூரியிலும் சாயங்காலம் ஆனால் பசங்க கூடிப் பேச ஓர் இடம் வேண்டும். டீக்கடை பெஞ்சோ, சங்க அறையோ, கேரம் போர்டோ, ஒரு பழைய கிடாரோ எதுவாயினும் சரி. குடிக்காதவனும், குடியை விட்டவனும் வெட்கப்படாமல் வந்து உட்காரும்படி அந்த இடம் இருக்க வேண்டும். மாணவர் சங்கம் இந்த ஆண்டு செய்யும் வேலைகளில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டால், சங்க அறைக்கு ஒரு கேரம் போர்டு வாங்கித் தரும் பொறுப்பு என்னுடையது. செயலாளர் தம்பி, இதை அச்சிலேயே போட்டுவிடுங்கள்; பிறகு நான் பின்வாங்க முடியாதல்லவா!

வாழ்த்துக்களுடன்,
ஒரு முன்னாள் மாணவன், இயந்திரவியல் பிரிவு